அம்மா வேண்டாம்னுட்டாங்க

அவன் விளையாடினால்தான் என்ன?

காரின் முன் சீட்டில் உட்கார்ந்து, பாஸ்டர் பேசுவதைக் கேட்பது போல் முகத்தை வைத்துக்கொண்டு, வெர்லீன் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அவனைத் தடுக்கிறேன் என்று ஊரே நினைக்கிறது. எனக்கோ, அந்த அரக்குச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் மைதானத்துக்குள் ஓடி வருவதைப் பார்க்காமல் இந்த அக்டோபர் எப்படிக் கழியும் என்றிருக்கிறது. இதை வாய்விட்டுச் சொன்னால் இவளெல்லாம் ஒரு தாயா என்பார்கள்.

பாஸ்டர் ஒரு லாரியின் பின்தட்டில் ஏறி நின்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். கொரோனாவால் சர்ச்சின் கதவு மார்ச்சிலேயே பூட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து காருக்குள்ளேயே இருந்துவிட்டுப் போவதென்று ஆகி, இப்போது ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ஹார்ன் அடிப்பதும் பழகிவிட்டது. அலபாமாவின் ஆகஸ்ட் வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள் விசுவாசிகள்.

"பாதி வழியில திரும்பிப் போறவனைக் கர்த்தர் எங்கேயும் புகழ்ந்து பேசல" என்றார் பாஸ்டர்.

அவள் கணவர் ஆமோஸ் ஹார்னில் கையை வைத்து அழுத்தினார். எடுக்கவே இல்லை.

"போதும். பேட்டரி போயிடும்" என்றாள் வெர்லீன்.

"கர்த்தருக்கு அடிக்கிறேன்."

"பின் சீட்டுக்கு அடிக்கிற மாதிரி இருக்கு."

பின் சீட்டில் டேவியன் இருந்தான். இருந்தான் என்பதைவிட, பின் சீட்டு முழுவதும் அவன்தான். முழங்கால்கள் தாடை வரை வந்திருந்தன. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அப்பாவின் ஹார்னும் அம்மாவின் பதிலும் வேறு யாருடைய வீட்டிலோ நடப்பது போல இருந்தான்.

வெள்ளிக்கிழமை அவன் கல்லூரி அணியின் பயிற்சி முகாமிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்ததும், சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்தபடியே "இந்த வருஷம் நான் விளையாடல" என்றதும், ஆமோஸ் கடித்த சோள ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனதும் வீட்டுக்குள் நடந்தவை. எப்படியோ அது ஊருக்குள் வந்துவிட்டது. இந்த ஊரில், பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால் விஷயம் மட்டும் சுவரைத் தாண்டக் கதவு தேடாது.

அவன் காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. காரணம்தான் முன் சீட்டில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்ததே. குளிர்காலத்தில் வெர்லீன் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். கைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் அவள் தன் சலூனுக்குக்கூடப் போவதில்லை. இந்தக் கொரோனா காலத்தில் நூறு பேரோடு கட்டிப் புரண்டுவிட்டு எந்தப் பையன் அந்தத் தாயின் வீட்டுக்குள் வருவான்?

பக்கத்துக் காரின் கண்ணாடி ஒரு சாண் இறங்கியது. சிஸ்டர் பெர்னடீன். பூப்போட்ட முகக்கவசம், அதே துணியில் தொப்பி.

"வெர்லீன், உன் மகன் வீட்டோட இருந்தா மளிகைக் கடைக்காரன் கடையை மூடிட்டு உன் வீட்டுக்கே வந்துடுவானே."

"வரட்டும் பெர்னடீன். முடி வெட்டி அனுப்பறேன்."

"கேலி இல்லடி. ஒரு அம்மாவுக்காக இவ்வளவையும் விட்டுட்டு வர்ற பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? நீ கொடுத்து வச்சவ."

வெர்லீன் சிரித்துத் தலையாட்டினாள். உள்ளே இரண்டு விஷயங்கள் ஒரே சமயத்தில் நடந்தன. ஒன்று கூச்சம். மற்றொன்று, அவளுக்கே பிடிக்காத ஒரு பெருமை. மகன் தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டான் என்ற பெருமை. அதைத் தள்ளிவிட நினைத்தாள். அது போகவில்லை, நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது.

பின் சீட்டில் டேவியன் கண்ணை மூடிக்கொண்டான்.

*

வீட்டுக்கு வந்ததும் டேவியன் மாடிக்குப் போய்விட்டான். ஒவ்வொரு படியும் அவன் எடைக்குப் பதில் சொன்னது.

வெர்லீன் சமையலறையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீரைப் பானையை அடுப்பில் ஏற்றினாள். ஆமோஸ் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். ஒல்லியான மனிதர். டேவியனின் உடம்பு வெர்லீன் வீட்டாரிடமிருந்து வந்தது. அவள் அண்ணன் தம்பிகள் கதவுக்குள் பக்கவாட்டில் நுழைகிறவர்கள். ஆமோஸ் டேவியனின் கல்லூரியிலேயே படித்தவர்தான், ஆனால் பந்தைத் தொட்டவரில்லை. பேண்டு வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதியவர்.

"நீ சொன்னா போயிடுவான் வெர்."

"நான் போகாதேன்னு சொல்லவே இல்லையே."

"போன்னும் சொல்லலையே."

அவள் கரண்டியால் கீரையை அமுக்கினாள்.

"ஆட்டத்துல பாதி நேரம் ஆனதும் பசங்க உள்ள போயிடுவாங்க. நாங்க வெளிய வந்து வாசிப்போம்" என்றார் ஆமோஸ். "எதிர்ல எதிர்ல போவோம். ஒருத்தனும் எங்க முகத்தைப் பார்த்ததில்ல. அது எனக்கு வருத்தமே இல்ல, சத்தியமா. ஆனா இப்ப என் வீட்டுப் பையன் அந்தப் பக்கத்துலேர்ந்து வரான் பாரு, அதைப் பார்க்கறதுக்குத்தான் எனக்குக் கண்ணு இருக்குன்னு தோணும்."

"எனக்கு மட்டும் தோணாதா?"

"அப்ப சொல்லேன் அவன்கிட்ட."

சொல்லியிருப்பாள். ஆனால் தன் மூச்சுக்குப் பயந்து நிற்கிற பிள்ளையிடம், பரவாயில்லை போ என்று சொல்வதற்கும் ஒரு முகம் வேண்டும்.

மைதானத்தில் எண்பதாயிரம் பேர் பந்தைப் பார்ப்பார்கள். வெர்லீன் பார்க்க மாட்டாள். பந்து வீசுகிறவனின் இடது பக்கம், அவன் கண் போகாத பக்கத்தைக் காத்து நிற்பவன் டேவியன். முன்வரிசை ஐந்து பேரில் இடது கோடி. அவன் பந்தைத் தொடுவதே இல்லை. அவனைத் தாண்டி எதிரணி ஆள் ஒருவன் புகுந்துவிட்டால் மட்டும்தான் ஒலிபெருக்கியில் அவன் பெயர் வரும். அவள் அந்த மூலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பாள். யார் ஜெயித்தார்கள் என்பதைக் கடைசியில் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். இரண்டு வருடங்களாக அவன் பெயர் ஒலிபெருக்கியில் அநேகமாக வரவே இல்லை. அதனால்தான், வரும் வசந்தத்தில் பெரிய அணிகள் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும்போது இவனை விடமாட்டார்கள் என்று டிவியில் பேசிக்கொண்டார்கள். ஒரு வருடம் ஆடாதவனை அவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்களா? அதை டிவியில் யாரும் பேசவில்லை.

வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது.

ஆமோஸ் எட்டிப் பார்த்தார். "கோச் ப்ரூயிட்" என்றார், சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டே.

*

ஹாலிஸ் ப்ரூயிட் முன்வரிசைக்குக் கோச். கையில் ஒரு கூடை பீச் பழம். வீட்டுக்குள் வராமல், கார் நிறுத்தும் கொட்டகையிலேயே நின்றார்.

"உள்ள வரல மிஸ் வெர்லீன். உங்களுக்கு எதுவும் வந்துடக் கூடாது. இங்கேயே காத்து வருது, நல்லாத்தான் இருக்கு."

ஆமோஸ் இரண்டு மடக்கு நாற்காலிகளை எட்டி எட்டிப் போட்டுவிட்டு, எதையோ தேடுகிறவர் போல உள்ளே போய்விட்டார். கோச் இடைவெளியை அளந்து பார்த்துவிட்டு ஒன்றில் உட்கார்ந்தார்.

"பையனைக் கூப்பிடவா?"

"வேண்டாம்மா. நான் உங்களைத்தான் பார்க்க வந்தேன்."

அது அவளுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் பையனைப் பிடிக்க வேண்டுமானால் தாயின் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். டேவியன் பள்ளிக்கூடம் முடித்த வருடம் மூன்று கல்லூரிகளிலிருந்து மூன்று கோச்சுகள் வந்தார்கள். மூவரும் அவளை அம்மா என்றார்கள். மூவரும் சொந்தப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். அவள் பீச் பழத்தை மாவோடு வேகவைத்துச் செய்யும் இனிப்பை முதலாமவர் பாதி சாப்பிட்டார். இரண்டாமவர் தட்டைக் காலி செய்தார். ப்ரூயிட் மூன்றாவது முறை தட்டை நீட்டினார். அவள் பையனை அவரிடம் கொடுத்தாள். அதைவிட நல்ல காரணம் வேறு யாரிடமும் இருந்ததாக அவளுக்கு இன்றுவரை தோன்றவில்லை.

"அவன் வரலைன்னாலும் அவன் படிப்புச் செலவுக்கு ஒண்ணும் ஆகாது. அதை முதல்ல சொல்லிடறேன்" என்றார் கோச். "மிரட்ட வரல."

"தெரியும் கோச்."

"ஆனா அவன் இல்லாட்டி மத்த நாலு பேரும் கலகலத்துப் போயிடுவாங்க. முன்வரிசைன்னா ஒரு கை மாதிரி. ஒரு விரல் போச்சுன்னா எதையும் பிடிக்க முடியாது. இன்னைக்குச் சாயங்காலம் போன்ல அஞ்சு பேரையும் உட்கார வச்சு, உள்ளயா வெளியயான்னு ஒவ்வொருத்தன் வாயாலயும் கேட்கப் போறேன். அதுக்குள்ள நீங்க ஒரு வார்த்தை..."

"அங்க யாருக்காவது வந்துச்சா?"

கோச்சின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல இருந்தது.

"மத்த வரிசைல ஒருத்தன் ரெண்டு பேருக்கு வந்துச்சு. என் பசங்க? ஒரு நாள்கூட லீவு கிடையாது. ஒருத்தனுக்கும் ஒரு தும்மல் கிடையாது. தினமும் வாசல்ல நெத்தியில காய்ச்சல் பார்த்துத்தான் உள்ள விடறோம். எங்க டீம் சமையல்கட்டுல இருக்கற மிஸ் கொரீனுக்குத்தான் பாவம் வந்துடுச்சு. ஆஸ்பத்திரில இருக்காங்க. அவங்க சர்ச்சுல யார்கிட்டயிருந்தோ ஒட்டிக்கிச்சுன்னு பேசிக்கறாங்க."

"ஐயோ. எப்படி இருக்காங்க?"

"மூச்சுக்கு மெஷின் வச்சிருக்காங்களாம். பிரார்த்தனை பண்றோம்."

அவர் உண்மையாகத்தான் சொன்னார். வருத்தமும் உண்மை, பெருமையும் உண்மை. அவரைப் பார்க்க வெர்லீனுக்குப் பிடித்தது. அவர் கேட்பது ஒன்றும் தப்பான காரியமாகவும் தெரியவில்லை. தன்னுடைய ஆசையும் அவருடைய ஆசையும் ஒன்றுதான். நடுவில் தன் நுரையீரல் மட்டும் நிற்கிறது. அதைத் தள்ளி வைத்துவிட்டால் போயிற்று.

"நான் அவன்கிட்ட பேசறேன் கோச்."

"அது போதும் எனக்கு."

எழுந்தார். பழக்கூடையை அவள் நாற்காலிப் பக்கம் தள்ளி வைத்தார்.

"இது லஞ்சம் இல்லம்மா."

"லஞ்சம்னா இன்னும் பழுத்ததா கொண்டு வந்திருப்பீங்க" என்றாள் வெர்லீன்.

*

"கீழ வா" என்று மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள். "தலையைப் பாரு, புதர் மாதிரி இருக்கு."

ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் அவள்தான் அவன் சடைத் திரிகளைப் பிரித்து வேரிலிருந்து மறுபடி முறுக்கிவிடுவாள். வேறு யாரையும் அவன் தொடவிட மாட்டான். சமையலறை நாற்காலியில் அவள் உட்கார, அவன் தரையில், அவளுக்கு முதுகைக் காட்டி. அப்படி உட்கார்ந்தும் அவன் தலை அவள் நெஞ்சு உயரத்துக்கு வந்தது.

வெர்லீன் சீப்பின் வாலால் வகிடு எடுத்தாள். விரலில் களிம்பைத் தொட்டு முதல் திரியை முறுக்கினாள். தலைமுடியில் கை வைத்தால் ஜனங்கள் வாயைத் திறந்துவிடுவார்கள் என்பது அவள் தொழில் சொல்லிக் கொடுத்தது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆனால் இன்று பேச வேண்டியவள் அவள்.

"நான் ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாத."

"சரிம்மா."

"நான் நல்லா இருக்கேன். குளிர்காலத்துல வந்தது குளிர்காலத்தோட போச்சு. நீ மைதானத்துல ஆடு, ஹாஸ்டல்ல தங்கு. சீசன் முடியறவரைக்கும் இந்த வீட்டு வாசல்ல கால் வைக்காத, அவ்வளவுதானே? சாப்பாட்டை உங்கப்பாகிட்ட குடுத்து அனுப்பறேன். என்னால நீ உட்கார வேண்டாம். எனக்கு அது வேண்டாம்டா. எனக்கு உன்னைப் பார்க்கணும்."

சொல்லிவிட்டாள். நன்றாகவே சொன்னோம் என்று தோன்றியது.

டேவியனின் முதுகு மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது.

"அம்மா, இது உன்னால இல்ல."

"என்னது?"

"நான் விளையாடாதது. உன்னால இல்ல. எல்லாரும் அப்படி நினைச்சுக்கிட்டாங்க. நான் இல்லன்னு சொல்லல."

வெர்லீனின் விரல்கள் திரியைப் பிடித்தபடி நின்றன. நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது அது இல்லை. தூக்கிக் கொண்டாடிய கைகள் நடுவில் விட்டுவிட்டது போலிருந்தது. இரண்டு நாளாகத் தனக்காக ஒருவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டான் என்று மனதுக்குள் மாலை போட்டுக்கொண்டிருந்தவள் அவள். அந்த மாலையை இப்போது யாரும் பார்க்காமல் கழற்ற வேண்டியிருந்தது.

கழற்றினாள். திரியை முறுக்கத் தொடங்கினாள்.

"அப்ப எதனால?"

"வெஸ்."

வெஸ் கோல்ப் ஜார்ஜியாவிலிருந்து வந்த பையன். கோழிப்பண்ணைக்காரர் மகன், முகம் முழுக்கச் செம்புள்ளி. டேவியனின் அறைத்தோழன். முன்வரிசையிலும் அவனுக்கு அடுத்த ஆள். இரண்டு கிறிஸ்துமஸுக்கு இந்தச் சமையலறையில் சாப்பிட்டிருக்கிறான்.

"ஜூலைல ஒரு நாள் காலைல ரொட்டி கருகி அறை முழுக்கப் புகைம்மா. நான் குளிச்சிட்டு வர்றேன், அவன் டோஸ்டர் பக்கத்துலயே உட்கார்ந்து போனைப் பார்த்துட்டு இருக்கான். டேய் மூக்கு செத்துப் போச்சாடான்னு கேட்டுச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். அப்புறம் ரெண்டு பேரும் சிரிக்கல."

வெர்லீன் அடுத்த திரியை எடுத்தாள்.

"வாசனை தெரியலைன்னு சொன்னாத்தான் டெஸ்ட் எடுப்பாங்க. சொன்னா அவனை மட்டும் இல்ல, எங்க அஞ்சு பேரையும் ரெண்டு வாரம் அடைச்சு வச்சிடுவாங்க. ஒரே அறைல உட்கார்ந்து பாடம் பார்க்கறவங்க நாங்க. அதுக்குள்ள ரெண்டாம் வரிசை பசங்க எங்க இடத்துல நின்னுடுவாங்க. போன இடம் திரும்பி வராதும்மா. அதனால அஞ்சு பேரும் பேசினோம். யாரும் சொல்றதில்லைன்னு."

"காய்ச்சல் பார்ப்பாங்களாமே வாசல்ல?"

"பனிக்கட்டித் தண்ணில துண்டை நனைச்சுத் தலையில போட்டுக்கிட்டுப் போவான். இந்த வெயில்ல எல்லாருமே அப்படித்தானே போறோம். யார் கேட்பா?"

ஒரு சீசனை இழக்கக் கூடாதென்று பயந்த ஐந்து பெரிய குழந்தைகள். அந்தப் பயத்தை அவள் சிரமமே இல்லாமல் புரிந்துகொண்டாள். அவள் பயமும் அதேதான்.

"அவனுக்குத்தான் சரியாப் போச்சே" என்றாள். சொல்லும்போதே அவன் இன்னும் எதையோ மிச்சம் வைத்திருக்கிறான் என்று தெரிந்தது.

"மிஸ் கொரீன் தெரியுமில்ல உனக்கு? எங்களைக் கண்டா மட்டும் உள்ள கூப்பிடுவாங்க. நீங்கதான்டா சாப்பாடு தெரிஞ்சவங்கன்னு கரண்டியை நீட்டுவாங்க, ருசி பார்க்கச் சொல்லி. அன்னைக்கு வெஸ்ஸைக் கூப்பிட்டாங்க. வரலைன்னா ஏன்னு கேட்பாங்களேன்னு போனான். மாஸ்க்கை இறக்கிட்டுக் கிட்டப் போய் நின்னு ருசி பார்த்தான். ருசியும்தான் போயிருந்துச்சே, அவனுக்கு என்ன தெரியும்? கொஞ்சம் உப்பு போடுங்கன்னான், தெரிஞ்ச மாதிரி. அவங்க நம்பிப் போட்டாங்க. அன்னைக்கு வாயில வைக்க முடியல. எல்லாரும் கொரீனுக்கு வயசாயிடுச்சுன்னு கிண்டல் பண்ணாங்க. அவங்களும் ஆமாண்டான்னு சிரிச்சாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் பக்கத்துல நின்னேம்மா. நானும் சிரிச்சேன்."

பானைக்குள் கீரை கொதித்துக்கொண்டிருந்தது. வெர்லீன் எழுந்து அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவன்கிட்டயிருந்துதான் அவங்களுக்குப் போச்சுன்னு யாரும் சொல்ல முடியாது."

"முடியாதுதான். கோச்சும் அவங்க சர்ச்சுலேர்ந்து வந்துச்சுங்கறார். இருக்கலாம். ஆனா பயிற்சில வெஸ் தோளும் என் தோளும் முட்டிக்கிட்டு நிக்கணும். ஒவ்வொரு தடவையும் அந்தக் கரண்டிதான் ஞாபகம் வருது. எதிர்ல வர்றவனை விட்டுடறேன். மூணு பேரை விட்டுட்டேன். கோச் கத்தறார். என்னன்னு சொல்றது?"

"இதைத்தான் சொல்லணும்."

"அம்மா." அவன் இப்போதுதான் திரும்பினான். பாதித் தலை முறுக்கியும் பாதித் தலை விரிந்தும் இருந்தது. "சொன்னா நாலு பேர் சீசனும் போச்சு. கோச்சுக்கும் கெட்ட பேரு. முன்வரிசையைக் காட்டிக் கொடுத்தவன்னு என் பேர்ல இருக்கும். எந்த அணி எடுக்கும் அப்படிப்பட்டவனை? நான் யாரையும் காட்டிக் கொடுக்கல, விளையாடவும் இல்ல. சும்மா வெளிய வந்துடறேன். நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். அம்மா வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லிடறேன்."

அந்த வார்த்தையின் மதிப்பு அவளுக்குத் தெரியும். உடை மாற்றும் அறையில் அவர்கள் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். சுளுக்கைக் கேலி செய்வார்கள், காதலைக் கேலி செய்வார்கள், பாட்டன் சாவுக்குப் போட்டுப் போன சட்டையைக்கூடக் கேலி செய்வார்கள். ஒன்றுக்கு மட்டும் அத்தனை வாயும் மூடிக்கொள்ளும். போன வருடம் எல்லோரும் சேர்ந்து கழுத்தில் பச்சை குத்திக்கொள்ளக் கிளம்பியபோது, முந்நூறு பவுண்டு எடையுள்ள ஒருவன் அம்மா வேண்டாம்னுட்டாங்க என்று நின்றுவிட்டான். சரிடா என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு மேல் கேள்வி கிடையாது.

சொல்லிவிடலாம். எவ்வளவு சுலபம். ஊர் ஏற்கெனவே நம்பிவிட்டது. பெர்னடீன் ஆசீர்வாதமே பண்ணிவிட்டாள். பையன் பத்திரமாக வீட்டில் இருப்பான், பெயர் கெடாது, வசந்தத்தில் ஒருவேளை யாராவது எடுத்தாலும் எடுப்பார்கள். கழற்றிய மாலையை மறுபடி போட்டுக்கொள்ளலாம். எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒருத்தி மெஷினோடு மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள்; அந்த மூச்சு எப்படி இருக்கும் என்று வெர்லீனுக்குத் தெரியும். அவள் பிள்ளைகள், சர்ச்சில் யாரிடமிருந்து வந்ததோ என்று ஒவ்வொரு முகமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

"மிஸ் கொரீன் வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"ரெண்டு பொண்ணு. ஏம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஆமோஸ் கையில் போனோடு வந்தார். அவர் முகத்தில் நம்பிக்கை அப்படியே எழுதியிருந்தது. கோச் கொட்டகையில் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்பதை ஜன்னல் ஓரம் நின்று கேட்டிருக்கிறார்.

"ஆரம்பிச்சுட்டாங்க. எல்லாரும் வந்தாச்சு, உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க."

போனைப் பழக்கூடையில் சாய்த்து வைத்தார். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். நான்கு பையன்களும் ஒரு கோச்சும்.

"ஹாய் மிஸ் வெர்லீன்" என்றது ஒரு குரல். இன்னொன்று, "டேவ், என்னடா தலை? பாதி ஆளாத்தான் வந்திருக்கியா?"

வெஸ் சிரித்தான். செம்புள்ளிகள் விரிந்தன. "மிஸ் வெர்லீன், பீச் எல்லாம் தெரியுதே. எனக்கு ஒரு தட்டு எடுத்து வைங்க."

வெர்லீன் அந்த முகத்தைப் பார்த்தாள். கோபம் வருகிறதா என்று தேடினாள். இருபது வயது. கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. இவனும் தூங்குவதில்லை.

"சரி பசங்களா" என்றார் கோச். "ஒவ்வொருத்தனா கேட்கப் போறேன். அதுக்கு முன்னால, மிஸ் வெர்லீன் நம்மகூட இருக்காங்க. மகன்கிட்ட பேசறேன்னு வாக்குக் கொடுத்தாங்க. நீங்களே சொல்லிடுங்கம்மா. நீங்க சொன்னா எல்லா பசங்களும் கேட்பாங்க."

ஆமோஸ் அவளைப் பார்த்தார். போ என்று சொல், என்றது அந்தப் பார்வை.

தரையிலிருந்து டேவியன் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லும்மா. அந்தக் கண்களில் அவள் மகன் சின்னப் பையனாக இருந்தான்.

இருவருக்கும் அவள் வாய் வேண்டியிருந்தது. ஒன்றைச் சொன்னால் ஒருவருக்கு, மற்றதைச் சொன்னால் இன்னொருவருக்கு. எதைச் சொன்னாலும் அந்தச் சமையல்கட்டும் கரண்டியும் அதற்கு அடியில் போய்விடும்.

"பேசிட்டேன் கோச்" என்றாள் வெர்லீன். "அவனும் பேசிட்டான். இனிமே அவன் உங்ககிட்டதான் சொல்லணும்."

"நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு..."

"என் பேரை இதுல சேர்க்க வேண்டாம்."

திரையில் வெஸ்ஸின் சிரிப்பு நின்றது. மற்ற மூன்று பேரும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கீழே பார்த்தார்கள்.

"அம்மா" என்றான் டேவியன், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "ஒரு வார்த்தைதானே."

அவள் குனிந்தாள். அவன் காதருகே, அவன் சின்னவனாக இருந்தபோது தூக்கத்திலிருந்து எழுப்பும் குரலில் சொன்னாள்:

"மாட்டேம்ப்பா."

போனை எடுத்து அவன் கையில் வைத்தாள். அந்த இரண்டு கைகளுக்குள் அது தீப்பெட்டி மாதிரி இருந்தது. கோச் மறுபடியும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆமோஸும் கூப்பிட்டார். வெர்லீன் மகனுக்குப் பின்னால், அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவில்லை. வாயையும் திறக்கவில்லை.